பெருவிரலும் செல்போனும்

உங்கள் பெருவிரலை ஒரு தடவை பாருங்கள்.

கொஞ்ச காலம் முன்புவரை இந்த விரலுக்கு ஒரு வேலை இருந்தது. மை தடவிக் காகிதத்தில் அழுத்துவது. அதற்குப் பெயர் கைநாட்டு. இப்போது நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். கையெழுத்துப் போடுகிறீர்கள். மை டப்பா தேவையில்லை.

ஆனால் பெருவிரல் சும்மா இருக்கிறதா? இல்லை. செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ரேஷன் கடையில் ரேகை வைக்கிறது. வந்த செய்தியை இன்னொருவருக்கு அனுப்புகிறது.

புதிய எந்திரங்கள் வருகின்றன. புதிய செய்திகள் வருகின்றன. புதிய உடைகள் வருகின்றன. இவை நம் பழக்கத்தை மாற்றுகின்றன. நாம் பேசுவதை மாற்றுகின்றன. பக்கத்து வீட்டாரோடு நாம் பழகுவதையும் மாற்றுகின்றன.

இது நல்லதா, கெட்டதா? ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அந்த ஊர் கோலார் தங்கவயல்.

சங்கு ஊதிய ஊர்

கர்நாடக மாநிலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி இங்கே தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வேலை தேடி வந்தன. அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள்.

கிராமத்தில் இருந்தவரை அவர்களுக்குச் சூரியன்தான் கடிகாரம். விடிந்தால் வேலை. இருட்டினால் வீடு.

தங்கவயலில் அப்படி இல்லை. அங்கே சங்கு ஊதும். சங்கு ஊதினால் ஒரு ஷிப்ட் சுரங்கத்துக்குள் இறங்கும். இன்னொரு ஷிப்ட் மேலே வரும். நடுராத்திரியிலும் சங்கு ஊதும். சமைப்பது, தூங்குவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் சங்குக் கணக்குத்தான். அகாலத்தில் சங்கு ஊதினால் பெண்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். கீழே ஏதோ விபத்து என்று பொருள்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அவ்வளவு ஆழத்தில் பாறையே சுடும். சில நேரம் பாறை தானாக வெடித்துச் சிதறும். அதில் உயிரிழந்தவர்கள் பலர்.

யாருக்காக வந்தது?

1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. காவிரி ஆற்றில் சிவசமுத்திரம் அருவி இருக்கிறது. அங்கே மின்சாரம் எடுத்தார்கள். சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீண்ட மின்கம்பிப் பாதைகளில் இதுவும் ஒன்று. பெங்களூர் நகரத்துக்கே மின்விளக்கு வந்தது 1905இல்தான்.

கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. அந்த மின்சாரம் யாருக்காக வந்தது?

சுரங்க எந்திரங்களுக்காக வந்தது. தங்கம் எடுப்பதற்காக வந்தது. லைன் வீட்டில் மூங்கில் தட்டிக்குப் பின்னால் வசித்த தொழிலாளியின் பிள்ளை படிப்பதற்காக வரவில்லை.

இந்தக் கேள்வியை மறக்காதீர்கள். எந்தப் புதுக் கருவி வந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. யாருக்காக வந்தது?

தங்கவயல் தொழிலாளர்கள் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள். 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையைக் கம்பெனி கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் போலீசார் குற்றவாளிகளிடம் ரேகை எடுப்பது வழக்கம். பாடுபடும் தொழிலாளியிடம் எதற்கு ரேகை? ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அந்தப் போராட்டத்துக்கு இடம் உண்டு.

அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கேட்டார்கள். எங்கள் ரேகை உங்களுக்கு எதற்கு?

ஒருவர் படிக்க, ஊரே கேட்டது

எழுத்தறிவு குறைவாக இருந்த அந்தக் காலத்தில் செய்தி எப்படிப் பரவியது?

1907இல் சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஒரு வருடம் கழித்துப் பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. சாதிக் கொடுமையை எதிர்த்தும், பௌத்தத்தைப் பற்றியும், கல்வியைப் பற்றியும் அது எழுதியது. தங்கவயலில் அதற்கு வாசகர்கள் உண்டு. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கமும் இயங்கியது.

1914இல் பண்டிதர் மறைந்தார். பின்பு 1926இல் ‘தமிழன்’ மீண்டும் வெளிவரத் தொடங்கியது. இந்த முறை எங்கிருந்து? தங்கவயலிலிருந்துதான். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சுரங்கத் தொழிலாளர்கள் வாழும் ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகை!

அந்த நாட்களில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நடுவில் ஒருவர் கேட்பார், “இது நெசமா?” இன்னொருவர், “எங்க ஊர்லயும் இப்படித்தான் நடந்தது” என்பார். வாக்குவாதம் நடக்கும். அப்புறம்தான் வீட்டுக்குப் போவார்கள்.

செய்தியைச் சேர்ந்து கேட்டார்கள். சேர்ந்து சந்தேகப்பட்டார்கள். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

சட்டையும் செருப்பும்

இனி உடையைப் பற்றிப் பேசுவோம்.

“இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாம் ஸ்டைலு” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் உடை வெறும் ஸ்டைல் மட்டும்தானா?

அந்தக் காலத்தில் பல கிராமங்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் சட்டை போடக் கூடாது. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டக் கூடாது. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் பலர் தங்கவயலுக்கு வந்தார்கள். இங்கே கையில் கூலி வந்தது. சட்டை வாங்கினார்கள். செருப்பு வாங்கினார்கள். அந்தச் சட்டை ஆடம்பரம் அல்ல. அது மானம். “நானும் மனிதன்” என்று சொன்ன சட்டை அது.

பிறகு சினிமா வந்தது. சம்பள நாளில் குடும்பத்தோடு கொட்டகைக்குப் போவது ஒரு திருவிழா. எம்.ஜி.ஆர். போல மீசை. சிவாஜி போல நடை. 1985இல் ‘பூவே பூச்சூடவா’ படம் வந்தது. அதில் நடித்த நதியாவின் பெயரில் தமிழ்நாட்டுக் கடைகளில் நதியா வளையல், நதியா கம்மல் என்று விற்றார்கள். நடிகை படத்தில் போட்டார். நாம் கடையில் வாங்கினோம். விற்றவருக்கு லாபம்.

1993இல் சன் டிவி தொடங்கியது. கேபிள் கம்பி தெருத் தெருவாக வந்தது. ஒரு வீட்டு டி.வி.யைத் தெருவே பார்த்த காலம் போனது. வீட்டுக்கு ஒரு டி.வி. வந்தது. சாயங்காலம் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் தொடர் பார்க்க உள்ளே போனார்கள். தொடரில் வரும் மாமியார் கட்டிய சேலை மறுவாரம் கடைக்கு வந்தது.

அழகாக உடுத்த ஆசைப்படுவது தவறில்லை. ஆனால் மானத்துக்கு வாங்கிய சட்டை ஒன்று. பக்கத்து வீட்டைப் பார்த்துக் கடன் வாங்கி எடுத்த சட்டை வேறு. முதல் சட்டை நம்மை நிமிர வைத்தது. இரண்டாவது சட்டை நம்மைக் குனிய வைக்கும்.

இப்போது கடனும் செல்போனிலேயே வருகிறது. “5 நிமிடத்தில் பணம்” என்கிறது ஒரு செயலி. சில செயலிகள் நம் போனில் உள்ள எல்லா நம்பர்களையும் எடுத்துக்கொள்ளும். தவணை தவறினால் சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் போட்டு அவமானப்படுத்தும். இது சட்டப்படி தவறு. கடன் செயலிகள் நம் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது.

சினிமாவில் வந்த நம் ஊர்

2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் கொடுத்த சுரங்கம் அது. சங்கு நின்றது. இப்போது ஊரை எழுப்புவது ரயில்தான். அதிகாலையில் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஆண்களும் பெண்களும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டியபின் திரும்புகிறார்கள்.

2018இல் ‘கே.ஜி.எஃப்.’ என்ற கன்னடப் படம் வந்தது. 2022இல் இரண்டாம் பாகம் வந்தது. பல மொழிகளில் ஓடியது. நாடு முழுவதும் நம் ஊர்ப் பெயர் தெரிந்தது. இளைஞர்கள் அந்தக் கதாநாயகன் போலத் தாடி வளர்த்தார்கள். 2024இல் பா. இரஞ்சித் இயக்கிய ‘தங்கலான்’ என்ற தமிழ்ப் படமும் தங்கவயலைப் பற்றி வந்தது.

படத்தில் ஒரு கொடியவன் சுரங்கத்தை ரகசியமாக நடத்துவான். மக்கள் அடிமைகளாக இருப்பார்கள். அது கற்பனை. உண்மையில் இங்கே சுரங்கம் நடத்தியது ஆங்கிலேயக் கம்பெனி. 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு மத்திய அரசிடம் போனது. உண்மைத் தங்கவயலில் சங்கம் இருந்தது. பத்திரிகை இருந்தது. கால்பந்து, ஆக்கி விளையாட்டு இருந்தது.

வெளியூர்க்காரர் ஒருவர் ரயிலில், “உங்க ஊர்ல ரவுடிங்க அதிகமா?” என்று கேட்டால் என்ன செய்வது? கோபப்பட வேண்டாம். “அது படம். எங்க தாத்தா கதை வேற. சொல்லட்டுமா?” என்று ஆரம்பிக்கலாம். நம் கதையை நாம் சொல்லாவிட்டால் மற்றவர் சொல்வதுதான் நம் கதை ஆகிவிடும்.

ஒரு வதந்தி, ஓர் உயிர்

செல்போனால் நன்மை உண்டு. துபாயில் இருக்கும் மகன் முகத்தைத் தாய் பார்க்கிறாள். ரயில் தாமதமா என்று தெரிகிறது. வங்கிக்குப் போகாமல் பணம் அனுப்ப முடிகிறது.

ஆனால் 2018இல் நடந்ததைக் கேளுங்கள்.

அந்த ஆண்டு, “பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே தங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனது. வழியில் அத்திமூரில் வண்டியை நிறுத்தினார்கள். அவர்களில் 65 வயது மூதாட்டி ஒருவர், அங்கே இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். உடனே சந்தேகம். கூட்டம் கூடியது. அடித்தார்கள். அந்த மூதாட்டி இறந்துபோனார். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

அதே மே மாதம் பெங்களூரில் ஓர் ஆளைக் கூட்டம் அடித்துக் கொன்றது. ஜூலையில் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்திலும் இப்படியே ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். அவரும் அவருடைய நண்பர்களும் செய்த “குற்றம்” குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான்.

யோசித்துப் பாருங்கள். தங்கவயல் குடும்பங்கள் பலவற்றுக்குப் பூர்வீகம் வட ஆற்காட்டுப் பக்கம். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க நாமும் அந்தப் பக்கம் போகிறோம். வழியில் குழந்தையைப் பார்த்தால் நாமும் மிட்டாய் கொடுப்போம். அந்த மூதாட்டி நம் வீட்டுப் பாட்டியாக இருந்திருக்கலாம்.

அடித்தவர்களும் பிறவிக் கொடியவர்கள் அல்ல. நம்மைப் போல் பிள்ளை பெற்றவர்கள். பயந்தார்கள். பயத்தை ஊட்டியது ஒரு பொய்ச் செய்தி. அதைப் பரப்பியது நம்மைப் போன்றவர்களின் பெருவிரல்.

பாட்டி கண்டுபிடித்தாள்

இனி ஒரு சின்னக் கதை. கற்பனைதான். ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது.

தங்கவயலில் ஒரு லைன் வீடு. பாட்டிக்கு 62 வயது. அறிவொளி வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றவள். பேத்தி பெங்களூரில் தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒரு நாள் இரவு பேத்தி போனைப் பார்த்துப் பதறினாள்.

“பாட்டி, பிள்ளை பிடிக்கிறவங்க 20 பேரு வந்திருக்காங்களாம். எல்லாருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கு.”

“இரு கண்ணு. நான் ஒரு தடவ படிச்சுப் பாக்குறேன்.”

“நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும் பாட்டி!”

பாட்டி கண்ணாடியை மாட்டினாள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். ஒரு முறை முடித்து மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“ஏம்மா, எந்த ஊர்னு இதுல போடலியே?”

பேத்தி பார்த்தாள். ஊர்ப் பெயர் இல்லை.

“எந்தத் தேதின்னும் போடல. ‘நேத்து ராத்திரி’ன்னு இருக்கு. எந்த நேத்து? அனுப்பினவரு பேரும் இல்ல. என் கல்யாணப் பத்திரிகையிலகூட ஊரு, தேதி, பேரு எல்லாம் இருந்துச்சே!”

பேத்தி சிரித்துவிட்டாள். பிறகு அவள் முகம் மாறியது.

“மேல ரெட்டை அம்புக்குறி போட்டிருக்கு பாட்டி. அப்படின்னா இது ரொம்பப் பேரு கை மாறி வந்ததுன்னு அர்த்தம். நான் வேகமாப் படிச்சதுல எதையும் கவனிக்கல.”

“வேகமாப் படிச்சா எழுத்துதான் தெரியும். நின்னு படிச்சாத்தான் இல்லாததும் தெரியும்.”

பேத்தி அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பவில்லை. தனக்கு அனுப்பிய தோழிக்கு மட்டும் எழுதினாள்: “எந்த ஊர்? என்ன தேதி? உனக்கு யார் அனுப்பினது?” தோழியிடம் பதில் இல்லை. செய்தி அந்த வீட்டு வாசலில் நின்றுபோனது.

மெதுவாகப் படிக்கிறோமே என்று வெட்கப்படுகிறீர்களா? வேண்டாம். புதிதாகப் படிக்கக் கற்றவரின் நிதானம் ஒரு பலம்.

நாம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. யார் சொல்கிறார்? பெயர் இருக்கிறதா?

2. எங்கே, எப்போது? ஊரும் தேதியும் இருக்கிறதா?

3. யாருக்கு லாபம்? இதை நம்பினால், இதை வாங்கினால், யாருக்குப் பணம் போகும்?

4. யாருக்குக் கெடுதல்? இது பொய்யாக இருந்தால் யார் அடிபடுவார்?

நான்குக்கும் பதில் கிடைக்காவிட்டால் பெருவிரலை எடுத்துவிடுங்கள். அனுப்ப வேண்டாம். வாங்க வேண்டாம்.

செல்போன் மூலம் யாராவது பணத்தை ஏமாற்றிவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது நாடு முழுவதற்குமான உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் கைமாறும் முன் நிறுத்த வழி உண்டு.

1930. நினைவில் வைப்பது எளிது. தங்கவயல் தொழிலாளர்கள் தங்கள் பெருவிரலுக்காகப் போராடிய ஆண்டும் அதுதான்.

அவர்கள் செய்தியைச் சேர்ந்து கேட்டார்கள். சேர்ந்து கேள்வி கேட்டார்கள். இன்று ஒவ்வொருவரும் தனியாகப் போனைப் பார்க்கிறோம். தனியாகப் பயப்படுகிறோம். வாரத்தில் ஒரு நாளாவது சேர்ந்து உட்காருவோம். ஒருவர் படிக்கட்டும். மற்றவர் கேட்கட்டும். “இது நெசமா?” என்று ஒருவராவது கேட்கட்டும்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் சங்கு போல நேரத்தைச் சொல்லும் பொருள் எது? அது மாறியிருக்கிறதா?

2. உங்கள் பாட்டன், பாட்டி காலத்தில் எந்த உடைக்குத் தடை இருந்தது? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. சென்ற மாதம் நீங்கள் வாங்கிய ஒரு பொருளைச் சொல்லுங்கள். அது தேவைக்கா, விளம்பரத்துக்கா, அடுத்தவர் கண்ணுக்கா?

எழுதிப் பாருங்கள்

உங்கள் போனுக்கு வந்த ஒரு செய்தியை நோட்டில் எழுதுங்கள். அதன் கீழே 4 கேள்விகளையும் எழுதுங்கள். பதில் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். கடைசியில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.